உறைந்த எச்சங்கள்: நிலைப்பொருள் ஒளிப்படக் கலையும் மறைந்த உழைப்பும்

கலைக்குரிய பொருள் எது என்ற வினா அழகியல் வரலாற்றிற் பல தடவை எழுப்பப்பட்டதாகும். இன்றைய ஒளிப்படக் கலையில் அது வேறொரு வடிவில் எழுந்துள்ளது. வெங்காயச் சருகு, கறட் தோல், கீரைத் தண்டு, பிழிந்த எலுமிச்சையின் கோது ஆகிய சமையலறைக் கழிவுகளை நீருடன் உறையவைத்து, அப்பனிக்கட்டியை ஒளிக்கு எதிரே நிறுத்திப் படமெடுக்கும் முயற்சிகளையே இங்கு கருதுகிறோம். இவற்றை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் முற்போக்கு விமர்சகருக்கு எளிது. குப்பையிலும் அழகுண்டு என வியந்து அமைதல் உருவவாதிக்கு எளிது. இரு சாராரும் படத்தை உற்று நோக்குவதில்லை. கழிவு அழகாகும்போது, அதனைக் கழிவாக்கிய சமுதாய உறவுகளுக்கு என்ன நேர்கிறது? இவ்வினாவை முன்வைத்தே இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடல் வேண்டும்.

உணவெச்சம் கலைப்பொருளாதல் புதியதன்று. பெர்கமம் நகரில் சோசஸ் என்ற கலைஞன் 'பெருக்கப்படாத தரை' எனும் பதிகல் ஓவியத்தை ஆக்கியதாகப் பிளினி குறிப்பிடுகிறார். அம்மரபிலே ஹெராக்கிளிற்றஸ் என்பவன் தன் பெயர் பொறித்து அமைத்த உரோமானியத் தரையொன்று இன்று வத்திக்கான் அரும்பொருளகத்தில் உள்ளது. மீன்முள், நண்டின் கால், சிப்பி ஓடு, கோழியெலும்பு என விருந்தினர் தரையில் எறிந்தவை யாவும் நிழல்களோடு அங்கே காட்சி தருகின்றன. உரோமானியச் செல்வர் இல்லங்களில் இவற்றைப் பெருக்கி அகற்றியோர் அடிமைகள். கொட்டையொன்றை நாடிவந்த எலிக்கு அத்தரையில் இடமுண்டு, அடிமைக்கு இடமில்லை. எச்சம் நிலைபேறடைந்தது, அதனை அகற்றும் உழைப்பு காட்சியிலிருந்து நீங்கியது. இப்பண்பை மனங்கொண்டு பின்வந்த மரபை நோக்குதல் தகும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்திலே நிலைப்பொருள் ஓவியம் தனியொரு வகையாக வளர்ந்தது. ஹார்லெம் நகரத்து ஓவியரான பீற்றர் கிளாஸ், வில்லெம் ஹேடா ஆகியோர் உண்டு எஞ்சிய மேசையை வரைந்தனர். பாதி உரித்த எலுமிச்சையின் தோல் சுருண்டு தொங்குவது அவர்களது படங்களில் மீண்டும் மீண்டும் வருவதாகும். எலுமிச்சை தென்னைரோப்பாவிலிருந்து வந்தது. மிளகு ஆசியாவிலிருந்து வந்தது. மிளகைக் கொண்டுவந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் நிறுவப்பட்டது. அக்கம்பனியே 1658இல் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது என்பதை ஈழத்து வாசகர் நன்கறிவர். வணிக வர்க்கத்தின் மேசையிலே உலகம் பொருட்களாக வந்து கிடந்தது. அப்பொருட்களை விளைவித்தோர் சட்டத்துக்கு வெளியே நின்றனர். ஆயினும் இவ்வோவியங்கள் காலத்தை மறுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சாய்ந்த கிண்ணம், வெட்டப்பட்ட பணியாரம், காயத் தொடங்கும் தோல் ஆகியன யாவும் அழியும் என உணர்த்தின. உடைமையின் பெருமிதமும் அதன் நிலையாமை பற்றிய அச்சமும் ஒரே ஓவியத்தில் முரண்பட்டு நின்றன.

உறைதல் இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை நீக்கிவிடுகிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான இர்விங் பென் 1977இல் நியூயோர்க்கில் எடுத்த 'உறைந்த உணவுகள்' இதற்குத் தக்க சான்றாகும். போஞ்சி முதலான காய்களும் பழங்களும் உறைந்த கட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளன. வண்ணச் செங்கற்களால் எழுப்பிய சிறு கட்டடமென அவை தோன்றுகின்றன. இவ்வடிவ ஒழுங்கைக் கலைஞரின் தனித்திறனாக மட்டும் கொள்வது பொருந்தாது. கிளாரன்ஸ் பேட்சை என்பவர் உணவுப் பொதிகளை உலோகத் தகடுகளுக்கிடையே அழுத்தி விரைந்து உறையவைக்கும் முறையை உருவாக்கினார். அவ்வாறு உறைந்த உணவு 1930இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பென் அடுக்கிய கட்டியின் செவ்வக வடிவம் தொழிற்சாலைப் பொதியின் வடிவமாகும். பண்டத்தின் வடிவமே இங்கு படத்தின் வடிவமாகிறது. விளைநிலமோ, பறித்த கையோ, வெட்டிய கத்தியோ அதிற் சுவடு பதிக்கவில்லை. படம் பேரழகுடையது. அவ்வழகு பண்டத்தின் மௌனத்தைக் குலைக்கவில்லை.

இத்தகைய அழகின் ஆபத்தை வோல்ற்றர் பென்ஜமின் 1934ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். 'ஆசிரியன் உற்பத்தியாளனாக' என்ற உரையில், அல்பேர்ட் றெங்கர்-பாட்ஷ் 1928இல் வெளியிட்ட 'உலகம் அழகானது' என்ற ஒளிப்பட நூலை எடுத்துக்கொண்டு, நாகரிகமான ஒளிப்படம் குப்பைமேட்டையும் வறுமையையும் நுகர்ச்சிக்குரிய இன்பமாக மாற்றிவிடுகிறது என விமர்சித்தார். அதே உரையில் டாடாயிஸ்டுகளின் நிலைப்பொருள் ஆக்கங்களைப் போற்றினார் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பயணச்சீட்டு, நூற்கட்டை, சிகரெட் துண்டு ஆகியவற்றை வண்ணத்தோடு ஒட்டிச் சட்டமிட்ட அவ்வாக்கங்களில் அன்றாட வாழ்வின் உண்மைத் துணுக்குகள் ஓவியத்தின் புனிதத்தை உடைத்தன என்பது அவர் கருத்து. ஆகவே கழிவைக் கலைக்குள் கொணர்தல் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. கழிவு சட்டத்துள் வந்து கலையை மாற்றுகிறதா, கலை கழிவை மாற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலுடன் சமையலறைக் கழிவுக்கு மீள்வோம். தமிழில் எச்சில், மிச்சம், கழிவு ஆகியன ஒருபொருட் சொற்களல்ல. வாய்பட்டது எச்சில்; உண்ணாது எஞ்சியது மிச்சம்; சமைக்குமுன் கையால் நீக்கப்பட்டது கழிவு. உரோமானியத் தரையிற் கிடப்பது எச்சில். அது உண்டவனின் சுவடு. பனிக்கட்டியுள் உறைந்திருக்கும் தோலும் காம்பும் கழிவு. அவை சமைத்தவளின் சுவடு. தோலின் தடிப்பிலே கத்தி பிடித்த கையின் அவசரமும் சிக்கனமும் பதிந்துள்ளன. கூலியற்ற வீட்டுழைப்பு பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. உணவு உண்டு தீர்ந்ததும் அவ்வுழைப்பின் சான்று மறைந்துவிடுகிறது. எஞ்சும் சான்று இத்தோல் ஒன்றே. விற்கவியலாத இப்பொருள் பண்டமாகவும் இல்லை. பென் அடுக்கிய கட்டிகளுக்கு இல்லாத வாய்ப்பு இதற்கு உண்டு.

உறையும் செயல்முறையும் இங்கு வேறுபடுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நீர் புறத்திலிருந்து உள்நோக்கி மெல்ல உறைகிறது. கரைந்திருந்த வளி நடுவே தள்ளப்பட்டு வெண்குமிழிகளாகிறது. மெல்ல உறையும் தாவர இழையத்துள் பெரிய பனிப்பளிங்குகள் தோன்றிக் கலங்களைச் சிதைக்கின்றன. ஆதலின் உருகும்போது தோல் துவண்டு சாயம் கசிகிறது. படமெடுப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பலர் பளிங்கென ஒளிரும் முதற்கணத்தைத் தேர்ந்து, நீர்த்துளியையும் கசிவையும் துடைத்தெறிகின்றனர். அங்கே காலம் இருமுறை நிறுத்தப்படுகிறது: பனியால் ஒருமுறை, ஒளிப்படத்தால் மறுமுறை. அழுகலும் உழைப்பும் காலத்தினாலானவை. காலம் நீங்கவே இரண்டும் நீங்குகின்றன. கத்தித் தடம் தெரிய, உருகல் தொடங்கிய நிலையைப் படமாக்குபவரோ பொருளை அதன் வரலாற்றோடு நம்முன் வைக்கிறார்.

இவ்விடத்தில் வியன்னாவைச் சேர்ந்த கிளவுஸ் பிச்லரின் 'மூன்றிலொன்று' என்ற படவரிசை ஒப்புநோக்கத்தக்கது. மனித நுகர்வுக்கான உணவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, ஆண்டுக்கு 130 கோடி தொன், இழக்கப்படுகிறது அல்லது வீணாகிறது என ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2011இல் மதிப்பிட்டது. அதையொட்டிப் பிச்லர் உணவுப் பொருட்களை அழுகவிட்டுப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்துடனும் பொருள் விளைந்த இடம், கடந்த தூரம், தேவைப்பட்ட நீர், விலை ஆகிய விபரங்களைச் சேர்த்தார். படத்தை நாகரிக நுகர்ச்சியிலிருந்து பறித்தெடுக்கும் தலைப்பு வாசகம் வேண்டும் எனப் பென்ஜமின் கோரியது இங்கு ஓரளவு நிறைவேறுகிறது. எனினும் இவ்விபரங்கள் பொருளின் பயணத்தையே சொல்கின்றன. உழைத்தவரை வாசகர் ஊகித்துணரவே வேண்டியுள்ளது.

வீண்விரயத்தைத் தனிமனித ஒழுக்கக் குறையாக மட்டும் காணும் போக்கும் இப்படங்களைச் சூழ்ந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் வீணான 105 கோடி தொன் உணவில் அறுபது வீதம் வீடுகளில் வீணானதாகக் கூறுகிறது. இக்கணக்கில் உண்ணக்கூடிய உணவோடு தோலும் எலும்பும் அடங்குகின்றன. தோலை உறையவைத்த கலைஞர் தம்மைக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொண்டதாகக் கருதின், கலை பாவமன்னிப்புச் சடங்காகிவிடும். கலைக்குரிய பணி அதுவன்று.

தொகுத்து நோக்கின், உறைந்த கழிவின் அழகை மறுக்க வேண்டிய அவசியம் முற்போக்கு விமர்சனத்துக்கு இல்லை. வெங்காயச் சருகின் நரம்புகள் பனியூடே ஒளிர்வதைக் காணும் கண்ணும் வரலாற்றில் உருவான மனிதக் கண்ணே. அவ்வின்பத்தை உழைப்போருக்கு மறுப்பது வர்க்க உணர்வாகாது. நாம் கோர வேண்டியது, அத்தோலை உரித்த கையையும் அக்கண் காணுமாறு படம் அமைதல் வேண்டும் என்பதே.