நிலக்கடலையும் மல்லாட்டையும்

வானொலி கிராமத்துப் பெண்ணைப் பாடச் சொன்னது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அவள் குரலைப் பதிவு செய்துகொண்டது. அவளுடைய கருத்தைக் கேட்டது குறைவு. கிராம வாழ்க்கை பற்றிய வானொலிப் பேச்சை விமர்சிக்க நான் எடுத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அகில இந்திய வானொலியின் வேளாண் நிகழ்ச்சிக்குப் ‘பண்ணை இல்ல ஒலிபரப்பு’ என்று பெயர். ‘உழவர் பெருமக்களே’ என்று விளித்தால் நம் மனதில் வருவது ஓர் ஆண். பெண்ணுக்கு இல்லம்; அதாவது சமையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு. திருவண்ணாமலையைச் சுற்றி செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கத்து மானாவாரி நிலங்களில் களை எடுப்பவர்களும் காய் ஆய்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். என் மாணவிகள் பலருடைய அம்மாக்கள். அவர்கள் ‘மல்லாட்டை’ என்பதை வானொலி ‘நிலக்கடலை’ என்கிறது. எல்லா வட்டாரத்துக்கும் புரியப் பொதுச்சொல் வேண்டும், சரி. ஆனால் மைக்கின் முன்னால் சொல்லைத் திருத்திக்கொள்ளும் பெண், பல நேரம் சொல்ல வந்ததையும் சேர்த்தே திருத்திக்கொள்கிறாள்.

வானொலியின் வேளாண் சாதனையாக எப்போதும் சொல்லப்படுவது 1960களின் ஏ.டி.டி. 27. திருச்சி வானொலி பரப்பிய அந்த ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். பெருமைக்குரிய செய்திதான். அதே தஞ்சை மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியின் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விளைச்சலைப் பெருக்கும் வழியை வானொலி கற்றுக்கொடுத்தது. விளைந்ததை எப்படிப் பங்கிடுவது என்று நாற்று நட்டவளிடம் கேட்பது ‘வேளாண் தகவல்’ ஆகவில்லை.

மைக் கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவின் ‘சங்கம் ரேடியோ’ சாட்சி. 2008 அக்டோபர் 15 அன்று மச்னூர் கிராமத்தில் தொடங்கிய இந்த நிலையத்தை தலித் பெண்கள் நடத்துகிறார்கள். விதை, சிறுதானியம், மூலிகை பற்றித் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசுகிறார்கள். பாட்டும் உண்டு, அபிப்பிராயமும் உண்டு. அங்கே அவள் தகவல் பெறுபவள் மட்டுமல்ல, தகவல் தருபவளும்கூட.

அதற்கும் ஒரு வேலி இருக்கிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் சொன்னது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று 2006இல் அரசு அனுமதித்தது. ஆனால் சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. ‘எங்கள் ஊரில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி’ என்று ஒருத்தி சொன்னால் அது அனுபவமா, அரசியலா? பெண்ணியம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது: இரண்டும்தான். அனுபவம் என்று பெயரிட்டு அதன் அரசியலைக் கழித்துவிடுவது பழைய தந்திரம். நம் இலக்கிய விமர்சனமும் பெண் எழுத்திடம் இதைச் செய்திருக்கிறது.

நாட்டுப்புறவியல் களப்பணிக்குப் போகும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். கூலி என்ன, நிலம் யார் பேரில் இருக்கிறது, இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் மல்லாட்டை என்றால் மல்லாட்டை என்றே எழுதுங்கள்.