ஈவ்லினும் மூதூர்த் துறையும்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஈவ்லின்’ சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் கதை. 1904இல், அவருக்கு 22 வயதாக இருக்கையில், ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ என்ற இதழில் வெளியானது. 1914இல் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது.

பத்தொன்பது வயது தாண்டிய பெண்ணொருத்தி. தாய் மௌத்தாகிவிட்டா. தகப்பன் அடிப்பேன் என்று மிரட்டுகிறவர். மகள் கடையில் நின்று உழைக்கும் 7 ஷில்லிங்கையும் வாங்கிக்கொள்வார். பிராங்க் என்ற கப்பல்காரன் அவளைக் கலியாணம் முடித்து புவெனஸ் அயர்ஸுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். கப்பல் புறப்படும் நேரம், அவள் துறைமுகத்து இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறாள்.

இதை முடக்கத்தின் கதை என்பார்கள் விமர்சகர்கள். போயிருந்தால் தப்பியிருப்பாள் என்பது அதன் உட்கிடை. பிராங்க்கின் பேச்சே மெய்தானா என்று சந்தேகித்தவர்களும் உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்து வாசிக்கும் நமக்கு அந்தச் சந்தேகம் இலேசில் போகாது. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரை மூதூர். அங்கிருந்துதான் 2005இல் ரிசானா நபீக், வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போட்டோடு, 17 வயதில் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் கொலைக்குற்றத் தீர்ப்பு. 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம். மூதூரில் போய் ‘ஈவ்லின் பயந்தவள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘போகாம நிண்டதே நல்லம்’ என்பார்கள்.

அதுவும் அவசரப்பட்ட பதில்தான். கம்பியை விட்டபின் ஈவ்லின் திரும்பிப் போவது அதே தகப்பனின் வீட்டுக்கு.

ஆகவே போனாளா, நின்றாளா என்பதல்ல கதையின் கேள்வி. முடிந்தவரை வீட்டைக் கட்டிக் காப்பேன் என்று சாகப்போகும் தாய்க்கு ஈவ்லின் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டுப் பாரம் அவளைக் கரையில் நிறுத்துகிறது. அதே பாரம் நமது பிள்ளைகளைக் கடல்கடத்தி அனுப்புகிறது. சகோதரன் ஹாரி தொழிலுக்காக ஊரூராகப் போகிறான், இயன்றதை அனுப்புகிறான். அவனிடம் இப்படியொரு வாக்கு வாங்கியதாகக் கதையில் இல்லை.

கடைசியில் ஈவ்லினின் முகத்தில் எந்த உணர்ச்சியையும் ஜாய்ஸ் வைக்கவில்லை. தீர்ப்பும் எழுதவில்லை. போன பிள்ளைக்கும் நின்ற பிள்ளைக்கும் தீர்ப்புச் சொல்ல முந்தி நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ‘உனக்கு என்ன விருப்பம் மகள்?’ என்று அந்த வீட்டில் யாராவது கேட்டார்களா?