தாயத்தும் வரலாறும்: ஒரு சிறுவர் நாவலைக் குறித்து இறையியல் நோக்கு

ஆங்கில எழுத்தாளர் ஈடித் நெஸ்பிட் 1906-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட 'தாயத்தின் கதை' சிறுவருக்கென எழுதப்பட்டது. எனினும் ஆயர்களும் இறையியல் மாணவரும் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. தந்தை போர்ச் செய்தியாளராக மஞ்சூரியாவிலும், தாய் உடல்நலம் கருதி மதீராத் தீவிலும் இருக்க, இலண்டனில் விடப்பட்ட நான்கு பிள்ளைகளுக்குப் பழைய எகிப்தியத் தாயத்தின் ஒரு பாதி கிடைக்கிறது. மறுபாதியைத் தேடி எகிப்து, பாபிலோன், அட்லாண்டிஸ், தீரு ஆகிய இடங்களின் பண்டைக் காலத்துக்கு அவர்கள் செல்கின்றனர். இரு பாதிகளும் இணைந்தால் நெஞ்சின் விருப்பம் நிறைவேறும். பெற்றோர் வீடு திரும்புவர்.

தாயத்தைக் கழற்றும்படி சபையாருக்குப் போதிக்கும் நாம் இத்தகைய நூலை விலக்கவேண்டாமோ என்று சிலர் வினவக்கூடும். இந்நூலில் மந்திரம் வழிபாட்டுப் பொருளன்று, கதையின் வாகனமே. நாம் ஆராயவேண்டியது, வரலாற்றைக் குறித்து இந்நூல் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதே.

நெஸ்பிட், 1884-இல் ஃபேபியன் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவருடைய சமூக நோக்கு நூலெங்கும் வெளிப்படுகிறது. இலண்டனுக்கு வரும் பாபிலோன் அரசி, அங்குள்ள உழைப்பாளரைக் கண்டு, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு கேவலமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் அல்லர், வாக்குரிமை உடையவர்கள் என்று பிள்ளைகள் விடை கூறுகின்றனர்; அவ்விடை அவளுக்கு விளங்கவில்லை. திருமறையில் ஒடுக்குமுறையின் சின்னமாக விளங்கும் பாபிலோனே இங்கு நியாயம் கேட்கிறது. ஆமோஸின் நூலைப் படித்தவர் இதன் கூர்மையை உணர்வர்.

ஆயினும் அரசி விரும்பியவுடன் ஏழைகளின் கைகளில் தோன்றும் உணவு நிலைப்பதில்லை. நிகழ்ந்தவை யாவும் கனவாக்கப்படுகின்றன. தாயை இழந்து ஏழையர் விடுதிக்கு அனுப்பப்படவிருக்கும் இமோஜென் என்னும் சிறுமிக்கோ பண்டைய பிரித்தானியாவில் ஒரு தாய் கிடைக்கிறாள். நெஞ்சை உருக்கும் பகுதி இது. ஆனால் ஏழையர் விடுதி இலண்டனில் அப்படியே நிற்கிறது. ஒரு பிள்ளை இரண்டாயிரம் ஆண்டு பின்னே சென்றுதான் அன்பைப் பெறவேண்டுமாயின், அது அக்காலச் சமுதாயத்தின்மேல் தீர்ப்பாகுமேயன்றி விடுதலையாகாது.

மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. பங்குச் சந்தைத் தரகர்களை யூதப் பெயர்களாலும் கொச்சைப் பேச்சாலும் நூல் எள்ளி நகையாடுகிறது. ஏழைகளுக்காகப் பரியும் அதே எழுதுகோல் வேறோர் இனத்தை இழிவுபடுத்துகிறது. 1933-க்குப் பின் ஐரோப்பாவில் நிகழ்ந்ததை அறிந்த நாம், ஞாயிறு பள்ளியில் இந்நூலைப் பயன்படுத்துவோமாயின், அப்பகுதியை விளக்கமின்றி விட்டுவிடலாகாது.

நூலின் ஆழ்ந்த சிக்கல் வேறொன்று. அட்லாண்டிஸைக் கடல் விழுங்கும்போது பிள்ளைகள் தாயத்தின் வாயில் வழியே தப்பிவிடுகின்றனர், நகரத்தார் அழிகின்றனர். பிரித்தானியாவின் சிறப்பைப் பிள்ளைகள் சீசரிடம் சொல்ல, அதுவே அவன் படையெடுப்புக்குத் தூண்டுதலாகிறது. விளைவைச் சுமப்பவர் பிறரே. வரலாறு அவர்களுக்குக் கண்டு திரும்பும் இடமாக மட்டுமே இருக்கிறது.

யாத்திராகமத்தின் கடவுளோ அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வருகிறவர். வார்த்தை மாம்சமானபோது அவர் பார்வையாளராக வரவில்லை. ஏரோதின் காலத்தில் பிறந்து, பிலாத்துவின் கீழ்ப் பாடுபட்டார். சிலுவையிலிருந்து இறங்கி வரும்படி ஏளனம் செய்யப்பட்டும் அவர் இறங்கவில்லை. தப்பிச் செல்லும் வாயிலை நாடாத அந்த அன்பே வரலாற்றை மீட்கிறது.

ஆகவே இந்நூலைப் பிள்ளைகள் படிக்கட்டும். பாபிலோன் அரசியின் கேள்வியை அவர்கள் மறவாதிருக்கட்டும். அக்கேள்விக்கு விடையளிக்கும் கடமை தாயத்துக்கு உரியதன்று, திருச்சபைக்கே உரியது.