கல்லறைகளைப் படியெடுத்தவர்: ஃபிரான்சஸ் கால்கின்ஸின் இரண்டு ஊர்கள்

வம்சாவளி நூல்கள் என்றாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். இன்னார் மகன் இன்னார், இன்ன வருஷம் பிறந்தார், இன்ன வருஷம் இறந்தார், நிலம் இன்னாருக்குப் போனது. அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கு இது வேண்டும்? இந்த நினைப்போடுதான் 1852-ல் வெளியான நியூ லண்டன் வரலாற்றைத் திறந்தேன். இது இங்கிலாந்து லண்டன் இல்லை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சின்ன துறைமுக ஊர். சும்மா பத்துப் பக்கம் புரட்டலாம் என்று ஆரம்பித்தவன், அடுத்த சில நாட்களுக்கு வேறெதையும் படிக்கவில்லை.

எழுதியவர் ஃபிரான்சஸ் மான்வாரிங் கால்கின்ஸ். 1795-ல் அதே ஊரில் பிறந்தவர். வணிகத்துக்காகக் கடல் கடந்து போன அப்பா, இவர் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். ஃபிரான்சஸ் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் பள்ளி நடத்தினார். சமயத் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார், அவற்றை இன்று நாம் தேடிப் படிக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில், திமிங்கில வேட்டைக் கப்பல் தொழிலில் இருந்த தம்பி ஹென்றி ஹேவன் வீட்டில் வாழ்ந்தார். அம்மாவின் இரண்டாவது திருமணத்தில் பிறந்த தம்பி அவர். பக்கத்து ஊரான நார்விச்சின் வரலாறு 1845-ல் வெளிவந்தபோது ஃபிரான்சஸுக்கு வயது ஐம்பது.

அவர் பெயரிலேயே இந்த இரண்டு ஊர்களும் இருக்கின்றன. அப்பாவழி மூதாதை ஹ்யூ கால்கின்ஸ் நார்விச்சை நிறுவியவர்களில் ஒருவர். நடுப்பெயரான மான்வாரிங், நியூ லண்டனில் வேர்விட்ட அம்மா வீட்டுப் பெயர். ஊர் வரலாறு என்ற பேரில் அவர் தேடியது தன் அப்பா பக்கத்தையும் அம்மா பக்கத்தையும்தான் என்று எனக்குப் படுகிறது. பார்க்கவே பார்க்காத அப்பாவின் ஊரை முதலில் எழுதியிருக்கிறார் என்பதையும் கவனிக்கலாம்.

1849-ல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1791-ல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குள் வந்த முதல் பெண் அவர். பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அங்கே வேறொரு பெண் நுழையவில்லை. கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விட்டுவிட்டு மறுபடி தாழ்போட்டுக்கொண்டார்கள். அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் இந்த ‘முதல் பெண்’ பட்டத்தைச் சொல்லிவிட்டு முடிந்துபோகின்றன. எழுத்து எப்படி என்று கேட்பாரில்லை.

எழுத்து நன்றாக இருக்கிறது. காரணம் அவர் போய் நின்ற இடங்கள். ஊர்ப் பதிவேடுகள், தேவாலயக் குறிப்புகள், உயில்கள், சொத்துப் பட்டியல்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லறைகள். பாசி பிடித்த கற்களின் முன்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படியெடுத்திருக்கிறார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிராட்டன் ஊர்க் கல்லறைகளைப் பற்றி அவர் சேகரித்தவை, அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேலான பிறகு, 1903-ல் தனி நூலாக வந்தன. நியூ லண்டன் நூலில் ஆரம்பக் குடியேறிகளின் இரங்கற்குறிப்புகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். இருநூறு வருஷம் முந்திப் போனவர்களுக்கு இரங்கற்குறிப்பு! என்ன விட்டுச் சென்றார், விதவை யாரை மணந்தார் என்று அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் பேசுகிற தொனி. வம்சாவளி அங்கே ஊர்ப்பேச்சாகிவிடுகிறது.

அவருக்குக் கிடைத்த பெரிய புதையல் ஜோஷுவா ஹெம்ப்ஸ்டெட் என்பவரின் நாட்குறிப்பு. 1711 முதல் 1758 வரை எழுதப்பட்டது. விவசாயி, படகுத் தச்சர், நில அளவையாளர், கல்லறைக் கற்களில் எழுத்து செதுக்குபவர், எல்லாமே இந்த ஒரே ஆள். இன்றைக்கு மழை, இன்றைக்கு வைக்கோல், இன்றைக்கு இன்னாரின் சாவு என்கிற மாதிரிக் குறிப்புகள். 1901-லதான் இது அச்சேறியது. கால்கின்ஸ் அரை நூற்றாண்டு முன்பே கையெழுத்துப் பிரதியைப் படித்து நூலுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஹெம்ப்ஸ்டெட் கல்லில் செதுக்கினார், நூறு வருஷம் கழித்து கால்கின்ஸ் அதே ஊர்க் கற்களின் முன்னால் நின்று படித்தார். இந்த இடத்தில் எனக்கு லேசாகச் சிலிர்த்தது.

ஆனால் அதே நாட்குறிப்பில் ஆதாம் ஜாக்சனும் இருக்கிறார். 1727-ல் ஹெம்ப்ஸ்டெட் விலைக்கு வாங்கிய அடிமை. எஜமானர் சாகும்வரை, சுமார் முப்பது வருஷம், அந்த வீட்டிலும் வயலிலும் உழைத்தவர். அவருடைய அப்பா ஜான் ஜாக்சன் விடுதலை பெற்றவர், அடிமையாக இருந்த மனைவியை மீட்க நீதிமன்றம் வரை போனவர். இந்தக் குடும்பத்தின் கதையை அல்லெக்ரா டி பொனவென்ச்சுரா 2013-ல் ஒரு முழு நூலாக எழுதினார். அதற்கும் முக்கிய ஆதாரம் இதே நாட்குறிப்புதான். கால்கின்ஸ் கண்ணுக்கு முன்னால் அந்தப் பக்கங்கள் இருந்தன. ஆனால் அவர் நூலில் ஜாக்சன்களுக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய முறையே அப்படி. கல்லறை வேண்டும், பத்திரம் வேண்டும், உயில் வேண்டும். இதெல்லாம் இருப்பவருக்குத்தான் அவரால் இரங்கற்குறிப்பு எழுத முடியும். எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது, கொள்ளுப்பாட்டி பெயர் இல்லை. அவர் பெயர் என்ன என்று இன்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை.

1866-ல், எழுபத்தோரு வயதில், நார்விச் வரலாற்றை மறுபடி எழுதினார். பழைய நூலை அப்படியே மறுபதிப்பு போட்டிருக்கலாம். அவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய நூலாக்கினார். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் தலைப்பு உறுத்துகிறது: இந்தியர் வசம் இருந்த காலம் தொடங்கி 1866 வரை நார்விச்சின் வரலாறு. மோஹிகன் தலைவர் உன்காஸும் அவர் மகன்களும் 1659-ல் ஒன்பது மைல் சதுர நிலத்தை எழுபது பவுனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஊர் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. தலைப்பில் பழங்குடிகள் ஒரு தொடக்கத் தேதி, அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மோஹிகன்கள் சில மைல் தள்ளி, 1831-ல் கட்டிய தேவாலயத்தைச் சுற்றி வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1869-ல் கால்கின்ஸ் இறந்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்து மோஹிகன்களின் மிச்ச நிலமும் பங்குபோடப்பட்டது. பின்னாளில் தாங்கள் ஓர் இனக்குழு என்பதை அரசுக்கு அவர்கள் நிரூபிக்க வேண்டிவந்தது. அதற்குக் கேட்கப்பட்டது என்ன? வம்சாவளி. யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரை மணந்தார்கள், எப்போது இறந்தார்கள். நான் கொட்டாவி விட்ட அதே பட்டியல்.

அமெரிக்க அரசின் அங்கீகாரம் 1994-ல் கிடைத்தது. அதற்கு உதவிய சான்றுகளில் முக்கியமானவை, கிளாடிஸ் டான்டாக்விட்ஜன் என்ற மோஹிகன் மூதாட்டி பல காலம் சேர்த்துவைத்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். அவற்றை அவர் பெட்டிகளில் போட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.