ஒன்று முதல் பத்து வரை ஒரு மதிப்பெண்

கணினியின் இயங்குதளம் நம்பத்தக்கதா என்ற வினாவுக்கு, அவரவர் அனுபவத்தையே பிரமாணமாகக் காட்டி வாதிட்டு வந்த நமக்கு, அந்த அனுபவத்தை நாள்தோறும் குறித்துவைத்து, ஒன்று முதல் பத்து வரையிலான மதிப்பெண்ணாக மாற்றித் தரும் சாதனம் ஒன்று 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே நம் மேசைமீது இருந்து வருகிறது என்பது பலர் அறியாத விஷயம். 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்னும் அதனை மூன்று மாத காலம் தினந்தோறும் திறந்து பார்த்த பின்னரே இந்த அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

தோற்றத்தில் அது எளிமையானது. மேலே மதிப்பெண்ணைக் காட்டும் ஒரு நீலக்கோடு. கீழே, செயலி முறிந்த நாளிலும் இயங்குதளமே நின்ற நாளிலும் சிவப்பு வட்டம். எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம். எந்த நாளைத் தொட்டாலும் அன்றைய விருத்தாந்தம் அடியில் விரிகிறது. புதிய அச்சுப்பொறியின் டிரைவரை நிறுவிய மறுநாளே கோடு சரிந்ததைக் கண்டு, அந்த டிரைவரை நீக்கி, முறிவுகள் நின்றதை நான் பிரத்தியட்சமாக அறிந்துகொண்டது இச்சாதனத்தின் உபகாரமே.

ஆனால், ஒரு மாலையில் வீட்டில் மின்சாரம் தடைப்பட்டுக் கணினி அணைந்தபோது, அதுவும் முறைப்படி நிறுத்தப்படாத குற்றமாகப் பதிவாகி மதிப்பெண் இறங்கிற்று. குற்றம் மின்கம்பியினுடையதா இயங்குதளத்தினுடையதா என்று பகுத்தறியும் சக்தி இந்த அளவுகோலுக்கு இல்லை. கணினி அணைந்திருக்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்காத நியாயம் அதனிடம் உண்டெனினும், இயங்கிய நாட்களில் ஒன்றில் நான் ஒரு கடிதம் மட்டும் எழுதினேனா, மற்றொன்றில் பத்து மணி நேரம் ஒளிப்படம் தொகுத்தேனா என்பதை அது கேட்பதில்லை. வேலையின் பளுவை அறியாமல் முறிவுகளை மட்டும் எண்ணுவது, நடந்த தூரத்தைக் கேளாமல் இடறியதை மட்டும் எண்ணுவது போன்றது.

லினக்ஸ் அன்பர்கள் போற்றும் 'அப்டைம்' கணக்கும் இவ்வாறே குறையுடையது. நிற்காமல் ஓடிய நாட்கள் பெருகப் பெருக, மறுதொடக்கம் வேண்டும் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) திருத்தங்கள் ஏற்கப்படாமல் இருக்கலாம் என்ற சந்தேகமும் பெருகுகிறது. விண்டோஸ் 95-இலும் 98-இலும் மில்லிசெகண்டுகளை எண்ணிய 32-பிட் கணக்கு 49.7 நாட்களில் நிரம்பி இயக்கம் நின்றுபோகக்கூடிய பிழை இருந்ததையும் நினைக்கும்போது, ஒரு மாதம் ஓடியதே சாட்சியமாகாது என்பது விளங்கும்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லரும் அவருடைய மாணவர்களும் மேற்கொண்ட பரீட்சை. முறிவு தானே வரட்டும் என்று காத்திராமல், தாறுமாறான எழுத்துக்களை யூனிக்ஸ் கருவிகளுக்கு ஊட்டி, எந்த வகை யூனிக்ஸை எடுத்தாலும் அதன் கருவிகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை முறிவதை 1990-இல் அவர்கள் வெளியிட்டார்கள். எத்தனை கருவிகளைச் சோதித்தோம், எத்தனை முறிந்தன என்று பங்கும் மொத்தமும் சேர்ந்து நிற்பதால், அந்த எண் பேசுகிறது.

ஆகவே, ரிலையபிலிட்டி மானிட்டரை ஒவ்வொருவரும் திறந்து பார்க்க வேண்டுமென்றே சொல்வேன். மதிப்பெண்ணுக்காக அன்று, நாட்குறிப்புக்காக. நான் இப்போது அதனருகே ஒரு நோட்டில் உழைத்த மணிகளையும் மின்தடைகளையும் எழுதி வருகிறேன். மூன்று மாதச் சிவப்பு வட்டங்கள் ஆறில் மூன்று மின்தடையால் வந்தவை. இரண்டு அச்சுப்பொறியின் டிரைவரால் வந்தவை. எஞ்சிய ஒன்றின் காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.