சும்மா கிடந்த நிலம்

நகரத்து வேலையை உதறிவிட்டு, கிராமத்தில் நாலைந்து ஏக்கர் வாங்கி, சோலார் தகடும் மழைநீர்த் தொட்டியுமாக யார் தயவும் இல்லாமல் வாழப் போனவர்களின் காணொளிகள் நம் கைப்பேசிகளில் வாரம் தவறாமல் வந்து விழுகின்றன. நான் அவற்றை விரும்பியே பார்ப்பவன். ஆனால் அவற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: "சும்மா தரிசாகக் கிடந்த நிலம்தானே. நாங்கள் வாங்காவிட்டால் எவனாவது பிளாட் போட்டிருப்பான்."

பிளாட்டைவிட மாந்தோப்பு மேல்தான். யூரியா தின்று இறுகிப்போன மண்ணைச் சில வருடங்களில் மண்புழு ஊரும் மண்ணாக மாற்றியவர்கள் இவர்களில் உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று கடைகளில் கிடைப்பதில் இவர்களுக்கும் பங்குண்டு. வீட்டுக்கு மின்வாரியக் கம்பியே வேண்டாம் என்றவர், 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் கிடைக்கும் இலவச மின்சாரத்தைக் கிணற்று மோட்டாருக்கு மட்டும் கேட்டு மனுப் போட்டால், அதையும் நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். தற்சார்பு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

என் வழக்கெல்லாம் அந்த நிலம் சும்மா கிடந்தது என்ற கூற்றோடுதான். பல வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

விலை மலிவு என்று இவர்கள் தேடிப் போகும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளை எடுத்துக்கொள்வோம். உழவு நின்றுபோன புஞ்சையில் சீமைக்கருவேலம் மண்டுகிறது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது முள்காடு. ஊரில் சிலருக்கு அதுவே வருமானம்: வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்கிறார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவதும் அந்த விறகில்தான். வரப்பில் நிற்கும் பனையைப் பருவத்துக்குக் குத்தகை பேசி ஏறுகிறவர் ஒருவர் இருப்பார். நாலு ஆட்டை வைத்துப் பிழைக்கும் கிழவிக்கு அந்தத் தரிசுதான் மேய்ச்சல். அறுப்பு முடிந்த நிலங்களில் கீதாரிகள் மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். ராத்திரியெல்லாம் ஆடுகள் இடும் புழுக்கை மண்ணுக்கு எரு. அதற்கு நிலக்காரர் காசோ நெல்லோ கொடுப்பார். இயற்கை வேளாண்மைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஆனால் புதிதாக வாங்கியவர் முதலில் இறக்குவது கல்தூணும் கம்பி வேலியும். அப்புறம், சாணத்துக்கும் புழுக்கைக்கும் லாரி பேசுகிறார்.

இந்தப் புழக்கம் எதுவும் பட்டாவிலோ சிட்டாவிலோ வராது. அடங்கலில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே தரிசு என்றுதான் இருக்கும். வாங்குகிறவர் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், வக்கீலிடம் கருத்து வாங்குகிறார், சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடுகிறார். இவ்வளவும் செய்கிறவர், இங்கே யார் ஆடு மேய்த்தது என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நிலம் காலியாக இருப்பதே பல இடங்களில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. வாரத்துக்கோ குத்தகைக்கோ வாய்ப்பேச்சில் உழுது வந்தவர் நிலத்தில் இருந்தால் வாங்க யாரும் வரமாட்டார்கள். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. குத்தகையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் பதிவில் ஏறாதவருக்கு அந்தக் காகிதத்தால் என்ன பயன்? ஏதோ கொஞ்சம் கொடுத்து, அல்லது கொடுக்காமலே, அடுத்த போகத்துக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பருவம் நிலம் ஓய்கிறது, புல் முளைக்கிறது. அதன் பிறகுதான் தரகர் காரில் ஆளைக் கூட்டி வருகிறார். வந்தவர் வெறும் நிலத்தைப் பார்த்து, பாவம், கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் உருகுகிறார்.

வேலி விழுந்ததும் பாதையும் போகிறது. இருபது வருடம் தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழிக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. அதை முன்சீப் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்! ஆட்டுக்காரக் கிழவி நிரூபித்துவிட்டு மறுநாள் மேய்ச்சலுக்குப் போகலாம்.

இவர்கள் வாசலில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் படத்தைப் பார்க்கிறேன். அவர் கடவூரில் வானகம் பண்ணையை உருவாக்கினார், உண்மை. ஆனால் 2013 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டாவில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில். ஒதுங்கி வாழ்வதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையையும் காட்டுகிறார்கள். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அவருடைய நண்பர் காலன்பாக் வாங்கிக் கொடுத்த 1,100 ஏக்கரில் அந்தப் பண்ணை நடந்தது, சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்குக் கூரை வேண்டும் என்பதற்காக. அங்கே இருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. போராட்டத்தை விட்டு விலகி வந்தவர்களின் இடமாக அது இருக்கவில்லை.

"விற்றவன் உள்ளூர்க்காரன்தானே, அவனைக் கேளுங்கள்" என்பார்கள். கேட்கலாம். மகளின் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ, அவனுக்கு ஒரு காரணம் இருக்கும்; நிலத்துக்கு உயிர் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. ஊருக்கு வேலை கொடுக்கிறோம் என்பதும் எடுபடாது. மாவும் தென்னையும் நட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்த தோட்டத்துக்கு நடவுக்கும் காய் பறிக்கவும் சில நாள் ஆள் வேண்டும். மற்ற நாளெல்லாம் ஒரு காவல்காரர் போதும்.

பிளாட் போடுகிறவரை இவர்கள் எதிரியாக நிறுத்துவதால் சொல்கிறேன். அவருக்கு மனைப்பிரிவு அனுமதி வேண்டுமென்றால் சாலைக்கு இடம் ஒதுக்கி, அதை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். மாந்தோப்பு போடுகிறவரிடம் அப்படி ஓர் அடி நிலம்கூட யாரும் கேட்பதில்லை.