நிலையானது என்றால், எத்தனை டிகிரியில்?

பெரோவ்ஸ்கைட் சோலார் செல் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "சரி, எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. 2009-இல் 3.8 சதவீதமாக இருந்த திறன் இன்று 25-ஐத் தாண்டிவிட்டது. ஆயுளில்தான் சிலிக்கானை எட்ட முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலாக, 2019-இல் நேச்சர் இதழில் ஒரு தென் கொரியக் குழு எழுதிய கட்டுரையைச் சொல்லலாம். அதைத் திரும்பவும் படித்தேன். பாராட்டும் இருக்கு, குறையும் இருக்கு.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். வெளிச்சம் பட்டதும் பெரோவ்ஸ்கைட்டில் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலி இடமான 'துளை'யும் உண்டாகும். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னே நகர, காலி இடம் பின்னால் போகும் இல்லையா? துளை நகர்வதும் அப்படித்தான். அதை வெளியே கொண்டுபோக ஒரு தனி அடுக்கு வேண்டும். அதற்கு ரொம்ப காலமாகப் பயன்படுவது ஸ்பைரோ-ஓமீடாட் என்ற சிறு மூலக்கூறு. அது தானாக நன்றாகக் கடத்தாது, லித்தியம் உப்பு சேர்க்கணும். அந்த உப்போ காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம்தான் எமன். வீட்டைத் தாங்க வைத்த தூணிலேயே கரையான் இருந்த கதை.

கொரியக் குழு எடுத்துக்கொண்டது பி3எச்டி என்ற பாலிமர். விலை குறைவு, பூசுவதும் சுலபம். உப்பே சேர்க்காமல் பயன்படுத்தினார்கள். அதுவரை பி3எச்டி வைத்த செல்கள் 16 சதவீதத்தை ஒட்டியே நின்றிருந்தன, இவர்கள் 22.7 வரை கொண்டுபோனார்கள், சான்றளிக்கப்பட்ட அளவீட்டோடு.

இங்கே கவனிக்கணும். இந்த ஏற்றம் பாலிமரால் மட்டும் வந்ததல்ல. பெரோவ்ஸ்கைட்டின் மேல் ஒரு அம்மோனியம் புரோமைடு உப்பை வினைபுரிய வைத்து, மெல்லிய ஹாலைடு அடுக்கு ஒன்றை உண்டாக்கினார்கள். இரண்டு பொருள்களும் சந்திக்கும் இடத்தில் நடந்த இழப்பை அது குறைத்தது. கட்டுரை இதை மறைக்கவில்லை. படிக்கிற நாம்தான் "பாலிமர் மாற்றினால் போதும்" என்று சுருக்கிவிடுகிறோம்.

அடுத்து ஆயுள். காற்று புகாமல் மூடிய செல், முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சத்தில் 1,370 மணி நேரம் ஓடி, 95 சதவீதத் திறனைத் தக்கவைத்தது. நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கணக்குப் போட்டால் சுமார் 9 மாதம். நல்ல எண்தான். ஆனால் சோதனை நடந்தது அறை வெப்பநிலையில். மொட்டைமாடியில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஈரப்பதச் சோதனைக்கும் இதே கதி: சுருக்கத்தில் 85 சதவீதம் என்று இருக்கு, எத்தனை டிகிரியில் என்று இல்லை. ஐஇசி 61215 தரமோ 85 டிகிரி வெப்பத்தையும் 85 சதவீத ஈரப்பதத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்து 1,000 மணி நேரம் வாட்டும். இரண்டு இடத்திலும் 85 இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒரே சோதனை ஆகிவிடாது.

ஒரு விஷயத்துக்கு மனதாரப் பாராட்டணும். 24.97 சதுர சென்டிமீட்டர் மாட்யூலையும் செய்து, திறன் 16 சதவீதத்துக்கு இறங்கியதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கே இவ்வளவு இறக்கம் என்றால், பெரிய பேனலுக்கான தூரம் புரியும்.

2020-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, ஆயுள் சோதனையை எப்படிச் செய்யணும், எதையெல்லாம் அறிக்கையில் சொல்லணும் என்று நேச்சர் எனர்ஜியில் ஒருமித்த பரிந்துரை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய கட்டுரையை அந்த அளவுகோலால் அடிப்பது நியாயமில்லை. உப்பைத் துரத்தலாம் என்று காட்டியது பெரிய வேலை. வெப்பத்தையும் தாங்கும் என்று மட்டும் அது காட்டவில்லை.

இனி 'நிலையான' என்ற சொல்லோடு ஒரு தலைப்பைப் பார்த்தால், மணிக்கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் வெப்பநிலையைத் தேடிப் பாருங்கள்.